85,000 ரூபாய் கட்டுவதற்கு முன்

ஐயா, வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் சிறுசேரியில் நாலு வருடமாக சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறார். ராத்திரி பத்து மணி வரை லேப்டாப்பை மூடுவதில்லை. ஆனாலும் இந்த வருட அப்ரைசலிலும் நடுத்தர ரேட்டிங்தான். கூடச் சேர்ந்தவர் டீம் லீட் ஆகிவிட்டார். 85,000 ரூபாய் கட்டி ஏஐ கோர்ஸ் ஒன்றில் சேர்த்துவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகிற போக்கில் நீங்கள் எழுதியிருந்த ஒரு வரிதான் என்னை உறுத்தியது. "என்னம்மா வேலை பார்க்குறே" என்று கேட்டால், "ஏபிஐ எழுதுறேன்பா, உங்களுக்குப் புரியாது" என்கிறாராம். (இரண்டு மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வழிக்குத்தான் ஏபிஐ என்று பெயர்.)

சீனியர்களே பக், அதாவது மென்பொருளில் பிழை, வந்தால் அவரிடம்தான் கொண்டுவருகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் கோட், அதாவது நிரல், எழுதுவதில் அவருக்குக் குறையில்லை. குறையில்லாத இடத்துக்கு எதற்கு மருந்து? அவர் செய்வது என்ன, அது நின்றுபோனால் யாருக்கு நஷ்டம் என்பதை அடுத்தவருக்குப் புரியும்படி சொல்லும் பழக்கம் இல்லை. அப்பாவுக்குப் புரியாது என்று விட்டுவிடுபவர், மேனேஜருக்கும் கிளையண்டுக்கும் அப்படித்தான் விட்டுவிடுவார்.

இது ரேட்டிங்கோடு நிற்கிற விஷயமும் இல்லை. 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற விண்கலம் செவ்வாயை நெருங்கியபோது தொலைந்துபோனது. தரையிலிருந்த ஒரு மென்பொருள், உந்துவிசையைப் பவுண்டு கணக்கில் கொடுத்தது. வாங்கிக்கொண்ட இடத்தில் அதை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். வித்தியாசம் 4.45 மடங்கு. 226 கிலோமீட்டர் உயரத்தில் போக வேண்டியது 57 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது. இந்த அளவுக் குழப்பத்தைப் பல கல்லூரிகளில் பாடமாகச் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது அடுத்த பாதியைத்தான். எண்கள் ஒத்துவரவில்லை என்பது விண்கலத்துக்கு வழிகாட்டிய குழுவுக்கு முன்பே தென்பட்டிருந்தது. அவர்கள் அதை மெயிலில் பேசிக்கொண்டார்கள். இப்படிப்பட்ட கோளாறைப் பதிவு செய்து, தீரும்வரை பின்தொடர அங்கே முறையான படிவமே உண்டு. அதைச் சரியாகப் பயன்படுத்தாததால் விஷயம் நழுவிப்போனது என்று விசாரணைக் குழு எழுதியது.

நீங்கள் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "லைன் ஆஃப் பண்ணியாச்சுண்ணே" என்று யாரோ வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி எந்த ஆளையாவது கம்பத்தில் ஏற்றியிருப்பீர்களா? லைனில் மின்சாரம் இல்லை என்று உறுதி தரும் எல்.சி. (லைன் கிளியர்) எழுதி வாங்கிய பிறகுதானே! உங்கள் மகள் ஆபீஸில் அந்த எல்.சி.க்குப் பெயர் டிக்கெட்; ஒரு வேலையையோ கோளாறையோ எழுதிப் பதிவு செய்வது. அதை மேனேஜருக்குக் கணக்குக் காட்டும் வெட்டி வேலை என்றுதான் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள். நானும் அப்படி நினைத்தவன்தான். இந்த ஆலோசனை வேலைக்கு வருவதற்கு முன் நான் புரோகிராமராக இருந்தேன். ஒரு பில்லிங் மென்பொருளில் பைசாவை முழுமையாக்கும் கணக்கு தப்பாக இருப்பதைக் கண்டுபிடித்து, டீக்கடையில் பக்கத்து டீம் நண்பரிடம் சொன்னேன். சொல்லிவிட்டோம் என்ற திருப்தியோடு வந்துவிட்டேன். மூன்று மாதம் கழித்துக் கிளையண்டே அதைக் கண்டுபிடித்தபோது, எனக்கு முன்பே தெரியும் என்று சொல்லக்கூட வாய் வரவில்லை.

இனி மகளிடம் பேசுகிறேன். படிக்கக் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

அம்மா, வரும் ஞாயிற்றுக்கிழமை அப்பாவை உட்காரவைத்து, நீங்கள் எழுதும் மென்பொருள் ஒரு மணி நேரம் நின்றால் யார் எங்கே தவிப்பார்கள் என்று ஐந்து நிமிடத்தில் சொல்லுங்கள். ஏபிஐ என்ற வார்த்தையே வரக்கூடாது. சொல்ல முடியவில்லை என்றால், திங்கட்கிழமை ஆபீஸில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாடிக்கையாளர் புகார்களைப் பார்க்கும் சப்போர்ட் டீமோடு அரை நாள் உட்கார்ந்தால் போதும். எந்தப் புகார் தினமும் வருகிறது என்று தெரிந்த பொறியாளரும், டிக்கெட்டுகளைப் பதியும் ஜிரா மென்பொருளில் வந்ததை மட்டும் முடித்துக் கொடுப்பவரும் எழுதும் கோட் ஒன்றாக இருந்தாலும், எதை முதலில் எழுத வேண்டும் என்ற முடிவு வேறாகிவிடும். கோட் எழுதிக் கொடுக்க இப்போது ஏஐ கருவிகள் வந்துவிட்டன. அந்த முடிவைத்தான் ஆள் எடுக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம், மெயில் போட்டுவிட்டேன் என்பதோடு நிறுத்தாதீர்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கும் மேல் இழந்தது. எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் புதிய கோட் போய்ச் சேர்ந்திருந்தது. எட்டாவதில் கிடந்த பழைய கோட் உயிர்பெற்று, பங்குகளை வாங்கித் தள்ளியது. கொடுமை என்னவென்றால், அன்று காலை சந்தை திறப்பதற்கு முன்பே, ஏதோ பிழை என்று காட்டும் 97 மெயில்களை அவர்களுடைய கணினியே ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தது. அவசர எச்சரிக்கையாக வடிவமைக்கப்படாத மெயில்கள்; யாரும் பொருட்படுத்தவில்லை. உங்கள் மெயிலும் அந்த 97-இல் ஒன்றாகிவிடக்கூடாது. யார், எதை, எப்போதுக்குள் செய்ய வேண்டும் என்பது முதல் இரண்டு வரியில் இருக்கட்டும். "டெஸ்ட் டேட்டாபேஸ் அனுமதி புதன்கிழமைக்குள் கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமை ரிலீஸ் தள்ளிப்போகும், அனுமதி தர வேண்டியவர் இன்னார்." இவ்வளவுதான். மற்ற விவரமெல்லாம் கீழே.

இதே கணக்குதான் தேதி சொல்வதிலும். நம் பிள்ளைகளுக்கு "ஓகே சார், முடிச்சிடலாம்" என்பது மரியாதை. வெள்ளிக்கிழமை சாயந்திரம் "முடியலை சார்" என்று நிற்கும்போது அந்த மரியாதையால் யாருக்கும் பயனில்லை. தாமதமாகும் என்று செவ்வாய்க்கிழமையே தெரிந்தால் செவ்வாய்க்கிழமையே சொல்லுங்கள். திட்டு விழலாம். விழட்டும், மாற்று ஏற்பாடு செய்ய மூன்று நாள் கிடைக்கிறதே.

அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்ததால் மீட்டிங்கில் வாய் திறக்கத் தயங்குகிறீர்கள் என்று அப்பா எழுதியிருக்கிறார். அதற்காக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு ஓட வேண்டாம். பேச்சில் தயங்குபவர் எழுத்தில் முந்திக்கொள்ளலாம். இன்றைய இணையத்துக்கு விதை போட்ட ஆர்பாநெட் உருவானபோது, ஸ்டீவ் கிராக்கர் என்ற 24 வயது மாணவர் 1969 ஏப்ரலில் ஒரு குறிப்பு எழுதினார். தங்கியிருந்த வீட்டில் நண்பர்கள் தூக்கம் கெடக்கூடாதென்று குளியலறையில் உட்கார்ந்து எழுதினாராம். பெரியவர்களுக்கு நாம் உத்தரவு போடுவதுபோல் இருக்கக்கூடாதே என்று, அந்தக் குறிப்பு வரிசைக்கு 'கருத்து கேட்கும் விண்ணப்பம்' என்ற பொருளில் பெயர் வைத்தார். ஆர்எஃப்சி என்ற அந்தப் பெயரில்தான் இணையத்தின் விதிமுறைகள் இன்றும் வெளியாகின்றன. எண்ணிக்கை 9,000-ஐத் தாண்டிவிட்டது. உங்கள் டீமில் நாலு பேர் வாய்ச்சண்டை போடும் ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்ளுங்கள். இதுதான் சிக்கல், இந்த இரண்டு வழி, இந்த வழிக்கு இவ்வளவு நாள், எனக்கு இது சரியென்று படுகிறது, உங்கள் கருத்து என்ன என்று ஒரு பக்கம் எழுதி மீட்டிங்குக்கு முதல் நாள் அனுப்புங்கள். மறுநாள் நீங்கள் பேசவே வேண்டாம், எல்லோரும் உங்கள் பக்கத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். இலக்கணப் பிழையை யாரும் எண்ணிப்பார்ப்பதில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் ஒரு ஃபைலில் மூன்று வரி எழுதி வையுங்கள்: என்ன செய்தேன், யாருக்குப் பயன், எண் ஏதாவது உண்டா. "ரிப்போர்ட் 40 நிமிடம் எடுத்தது, இப்போது 6 நிமிடம்" என்பது போல. அப்ரைசல் படிவம் வரும்போது வருடத் தொடக்கத்தில் செய்தது யாருக்கும் ஞாபகம் இருக்காது, உங்களுக்கே இருக்காது.

ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, அடுத்தவர் கோடைச் சரிபார்க்கும் கோட் ரிவ்யூவில் காரணத்தோடு எழுதுவது இதெல்லாம் உங்களுக்குத் தானாகவே வரும் என்று தோன்றுகிறது. பக் பார்த்துக் கொடுப்பவர்தானே நீங்கள்.

ஐயா, ஒன்றை மறைக்க விரும்பவில்லை. இவ்வளவையும் செய்தும் ரேட்டிங் வராமல் போகலாம். எத்தனை பேருக்கு உயர்ந்த ரேட்டிங் என்பதைப் பல நிறுவனங்களில் மேலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். அடுத்தவர் வேலையைத் தன் பெயரில் சொல்லிக்கொள்ளும் மேனேஜர்களும் இருக்கிறார்கள். ஒரு வருடம் இப்படிச் செய்து பார்த்தும் அசையவில்லை என்றால் டீம் மாறலாம், கம்பெனியும் மாறலாம். அந்த வெள்ளிக்கிழமை ஃபைல்தான் அப்போது இன்டர்வியூவில் கைகொடுக்கும்.

85,000 ரூபாயை இப்போதைக்கு வங்கியிலேயே விட்டு வையுங்கள். எனக்குக் கடிதம் எழுதியது மகளுக்குத் தெரியாது என்று கடைசியில் குறிப்பிட்டிருந்தீர்கள். சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து என்ன நடந்தது என்று எனக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பட்டும். தமிழிலேயே எழுதலாம். ஆனால் அதை நீங்கள் எழுதக்கூடாது, அவர்தான் எழுத வேண்டும்.