உயிலில் தர்மத்துக்கு ஒரு பங்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை உயிலில் ஒரு பங்கை நற்பணிக்கு எழுதி வைப்பது பற்றியவை. ஆறு கேள்விகளை எடுத்துக்கொண்டேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கட்டாயம் காட்டிவிடுங்கள்.

ஐயா, ஓய்வூதியத்தில் வாழ்கிறேன். ஒரு வீடும் கொஞ்சம் சேமிப்பும்தான் இருக்கின்றன. இதில் தர்மத்துக்கு எழுதலாமா? தொகையாக எழுதுவதா, பங்காக எழுதுவதா?

தாராளமாக எழுதலாம். சொத்து சிறியதாக இருந்தால் பங்காக எழுதுவதே நல்லது.

காரணத்தைச் சொல்கிறேன். ஒருவர் காலமானதும் முதலில் ஈமச்செலவும் கடன்களும் தீர்க்கப்படும். அடுத்து, உயிலில் இன்ன பொருள், இன்ன தொகை என்று குறிப்பிட்டவை போகும். மிஞ்சுவதுதான் "எஞ்சிய சொத்து". நீங்கள் தர்மத்துக்கு ஒரு பெரிய தொகையைக் குறிப்பிட்டுவிட்டு, "எஞ்சியது என் மகளுக்கு" என்று முடித்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் காலத்து மருத்துவச் செலவில் சேமிப்பு கரைந்துபோனாலும் தர்மத்துக்கு எழுதிய தொகை முதலில் போய்விடும், மகள் வெறுங்கையோடு நிற்பாள். நீங்கள் நினைத்தது அதுவா? மாறாக, நீங்கள் இருபது வருடம் நன்றாக வாழ்ந்தால் விலைவாசி ஏறி, அதே தொகை ஒன்றுக்கும் போதாததாகிவிடும். "எஞ்சிய சொத்தில் பத்தில் ஒரு பங்கு" என்று எழுதினால் ஏற்றமோ இறக்கமோ, இரு தரப்புக்கும் பொதுவாகிவிடும்.

சில நாடுகளில் இதற்கு வரிச்சலுகையும் உண்டு. பிரிட்டனில் 2012 முதல், வரிவிலக்கு வரம்பு போக உள்ள சொத்தில் பத்தில் ஒரு பங்காவது அறப்பணிக்குப் போனால், மீதிக்கான வாரிசுரிமை வரி 40 சதவீதத்திலிருந்து 36 ஆகக் குறைகிறது.

"ஏதாவது நல்ல காரியத்துக்குக் கொடுத்துவிடவும்" என்று எழுதினால் போதாதா? பிள்ளைகளுக்கு என் மனசு தெரியும்.

போதாது அம்மா. உங்கள் மனசு பிள்ளைகளுக்குத் தெரியும், நீதிமன்றத்துக்குத் தெரியாதே. இந்தியாவிலிருந்து போன ஒரு வழக்கில், "தர்மம்" என்று மட்டும் எழுதிய கொடை தெளிவில்லாதது, செல்லாது என்று, அன்று இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1899-இல் தீர்ப்புச் சொன்னது. நமக்கு அந்தச் சொல்லில் எல்லாமே அடங்கியிருக்கிறது. எல்லாம் அடங்கியதுதான் அங்கே சிக்கல்.

என்னிடம் வந்த ஒரு உயில் இன்னும் நினைவிருக்கிறது. கையால் எழுதிய நாலு பக்கம். யாருக்கு எந்த வளையல், எந்தப் பாத்திரம் என்று வரிவரியாக எழுதியிருந்தார் அந்த அம்மா. கடைசிக்கு முந்தின வரியில் "ஒரு பங்கு அனாதை இல்லத்துக்கு" என்று மட்டும் இருந்தது. எந்த இல்லம்? அவர் மாதாமாதம் போய்வந்த இல்லம் ஒன்று இருந்தது. அதன் பெயர் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

எனவே அமைப்பின் பதிவுப் பெயர், பதிவு எண், முகவரி மூன்றையும் எழுதுங்கள். ஊர் கூப்பிடுகிற பெயர் வேறு, பதிவில் உள்ள பெயர் வேறாக இருக்கும். அப்புறம், அந்த அமைப்பு மூடப்பட்டாலோ இன்னொன்றோடு இணைந்தாலோ பங்கு யாருக்கு என்று ஒரு வரி சேருங்கள். அந்த "இல்லாவிட்டால்" வரிக்கு எவ்வளவு வலு என்பதற்கு ஜேம்ஸ் ஸ்மித்சனின் உயிலே சாட்சி. 1826-இல் சொத்தைத் தன் சகோதரரின் மகனுக்கு எழுதிய அந்த ஆங்கிலேய விஞ்ஞானி, அந்த மகன் வாரிசின்றி இறந்தால் அறிவை வளர்க்கும் நிறுவனம் ஒன்றுக்காக அமெரிக்காவுக்குப் போகட்டும் என்றார். சகோதரரின் மகன் 1835-இல் வாரிசின்றி இறந்தார். ஸ்மித்சோனியன் நிறுவனம் 1846-இல் பிறந்தது.

பாதிச் சொத்தை எழுத நினைக்கிறேன். என் மகன்கள் வழக்குப் போடுவார்களோ என்று பயம்.

முதலில், உங்களுக்குப் பாதி எழுதும் உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். பிரான்சில் பிள்ளைகளுக்கான பங்கைத் தொட முடியாது: ஒரு பிள்ளை என்றால் பாதி, இருவர் என்றால் மூன்றில் இரண்டு, அதற்கு மேல் என்றால் முக்கால். இஸ்லாமியச் சட்டப்படி வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத இயலாது.

உரிமை இருந்தால், எழுதும் விதத்தில் கவனம் வேண்டும். வழக்குகள் பெரும்பாலும் இரண்டு வாதங்களில் நிற்கும்: "அப்பா சுயநினைவில் இல்லை", "யாரோ தூண்டிவிட்டு எழுத வைத்தார்கள்". ஆகவே உடம்பு நன்றாக இருக்கும்போதே எழுதுங்கள். வயது கூடியிருந்தால் அதே நாளில் மருத்துவரிடம் ஒரு சான்று வாங்கிக்கொள்ளுங்கள். கொடை பெறும் அமைப்பைச் சேர்ந்த யாரும் வழக்கறிஞரிடம் உங்களை அழைத்துப் போகக் கூடாது, சாட்சிக் கையெழுத்தும் போடக் கூடாது. எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம்.

அதையெல்லாம் விட முக்கியம், மகன்களிடம் சொல்லிவிடுவது. சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் அப்பா வாயால் கேட்டதை ஏற்றுக்கொள்கிற பிள்ளைகள், அதையே காகிதத்தில் முதல்முறை பார்க்கும்போது உடைந்துபோகிறார்கள். நேரில் சொல்ல வரவில்லையா, ஏன் கொடுக்கிறேன் என்று ஒரு கடிதம் எழுதி உயிலோடு வையுங்கள்.

உதவித்தொகைக்கு நிபந்தனை போடலாமா? இன்ன பிரிவுப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று?

நோக்கத்தைச் சொல்லுங்கள், கையைக் கட்டாதீர்கள். 1831-இல் இறந்த ஸ்டீபன் ஜிரார்டு, பிலடெல்பியாவில் பள்ளி ஒன்றுக்குப் பெரும் செல்வத்தை எழுதினார். ஏழை வெள்ளையினத் தந்தையில்லாச் சிறுவர்களுக்கு மட்டும் என்பது நிபந்தனை. நீண்ட வழக்குகளுக்குப் பிறகு 1968-இல்தான் கறுப்பின மாணவர்கள் உள்ளே வந்தார்கள். "படிப்புக்கு வசதியில்லாத மாணவர்களுக்கு" என்றாலே போதும். கூடவே, அந்த நோக்கம் நிறைவேறாத நிலை வந்தால் அதற்கு நெருங்கிய பணிக்குச் செலவிட நிர்வாகிகளுக்கு அனுமதியும் கொடுங்கள்.

ஏற்கெனவே உயில் இருக்கிறது. ஓரத்தில் பேனாவால் ஒரு வரி சேர்க்கலாமா? கண் தானத்தையும் அதிலேயே எழுதலாமா?

இரண்டுமே வேண்டாம். சேர்க்க வேண்டியதை இணைப்பு உயிலாக, சாட்சிகளோடு முறைப்படி எழுதுங்கள். கண்ணைச் சில மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். பல வீடுகளில் உயிலைப் பிரிப்பதே காரியம் எல்லாம் முடிந்த பிறகுதான். கண் தானத்துக்குத் தனியாகப் பதிவு செய்து, வீட்டில் இருப்பவர்களிடம் இன்றே சொல்லிவையுங்கள்.

அமைப்பிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டுமா?

பணம் என்றால் கட்டாயமில்லை. வீடு, நிலம், புத்தகங்கள் என்றால் அவசியம் கேளுங்கள். ஆல்பிரட் நோபெல் 1895-இல் பாரிஸில் வழக்கறிஞர் இல்லாமலே உயிலை எழுதினார். பரிசுக்குரியவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிறுவனங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவை தயங்கின, உறவினர்கள் எதிர்த்தார்கள். 1896-இல் அவர் மறைந்த பிறகு அறக்கட்டளை அமைய 1900 ஆகிவிட்டது. அவ்வளவு பெரிய சொத்துக்கே அந்தப் பாடு. உங்கள் நாலு அலமாரிப் புத்தகங்களை வைக்க அந்த நூலகத்தில் இடம் இருக்கிறதா என்று இந்த வாரமே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.