அக்டோபர் புரட்சியை எந்த மாதத்தில் எழுதுவது?

கேள்வி: எங்கள் பள்ளி நூலகத்தில் 'இந்த மாதம் வரலாற்றில்' என்று ஒரு பலகை வைக்கிறோம். அக்டோபருக்கு உலக நிகழ்வுகளைத் தொகுத்தபோது குழப்பமாகிவிட்டது. ரஷ்யப் புரட்சிக்கு ஒரு புத்தகத்தில் அக்டோபர் 25, இன்னொன்றில் நவம்பர் 7. காசு கொடுத்து வாங்கிய பட்டியல் ஒன்றில் கொலம்பஸ் கரையிறங்கியது அக்டோபர் 21 என்று இருக்கிறது, நாங்கள் படித்ததோ 12. பழைய தேதிகளை எல்லாம் கணக்குப் போட்டு மாற்றி எழுத வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒன்றையும் மாற்றாதீர்கள். அதற்கு முன்னால் அந்தப் பட்டியலைத் தூரப் போடுங்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: சம்பவம் நடந்த ஊரில் அன்றைக்கு எந்த நாட்காட்டி புழக்கத்தில் இருந்ததோ, அதில் என்ன தேதியோ, அதுவே அந்த நிகழ்வின் தேதி. கொலம்பஸுக்கு 12. இங்கிலாந்தில் நடந்த ஹேஸ்டிங்ஸ் போருக்கு 1066 அக்டோபர் 14. ரஷ்யாவில் 1918 பிப்ரவரிக்கு முன்னால் நடந்தவற்றுக்கு மட்டும் இரண்டு தேதியும் போட்டுவிடுங்கள், ஏனென்றால் அங்கே உலகமே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது, யாரும் இறங்கி வரமாட்டார்கள்.

குழப்பத்துக்குக் காரணம் எளிது. ஐரோப்பாவில் முன்பு புழங்கிய ஜூலியன் நாட்காட்டியில் ஓர் ஆண்டு சூரியக் கணக்கைவிடச் சுமார் 11 நிமிடம் நீளம். நிமிடம்தானே என்று விட்டதில் 16-ஆம் நூற்றாண்டுக்குள் வசந்த காலக் கணக்கு பத்து நாள் நகர்ந்துவிட்டது, ஈஸ்டர் எப்போது என்பதே சிக்கலானது. போப் 13-ஆம் கிரெகரி 1582-ல் பத்து நாட்களை வெட்டினார், இன்று நாம் வைத்திருக்கும் கிரெகோரியன் நாட்காட்டி அதுதான். அந்த வருடம் அக்டோபர் 4 வியாழன், மறுநாள் வெள்ளி, தேதி அக்டோபர் 15. உங்கள் பலகையில் முதலில் போட வேண்டிய அக்டோபர் நிகழ்வே இதுதான், ஆனால் விலைக்கு விற்கிற பட்டியல்களில் இதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அவிலாவின் புனித தெரசா சரியாக அந்த 4-ஆம் தேதி இரவில் ஸ்பெயினில் இறந்தார், அதற்கு மறுநாள் 15. அவருடைய திருநாள் இன்றும் அக்டோபர் 15-தான். மாணவர்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், பலகைப் பக்கம் கூட்டம் கூடும்.

போப் சொன்னதை ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து, இத்தாலியின் பெரும்பகுதி உடனே ஏற்றன. பிரிட்டன் 1752 வரைக்கும் இழுத்தடித்தது, ரஷ்யா 1918 வரைக்கும், கிரேக்கம் 1923 வரைக்கும். ஆக ஒரே நாளுக்கு இரண்டு ஊரில் இரண்டு தேதி.

இப்போது ரஷ்யா. 1917-ல் அன்றைய ரஷ்யத் தலைநகர் பெத்ரோகிராதில் ஒருவர் சுவர் நாட்காட்டியைப் பார்த்திருந்தால் அது அக்டோபர் 25 என்று காட்டியிருக்கும், அதே நாளில் பாரிஸில் நவம்பர் 7. காலையிலேயே தற்காலிக அரசு வீழ்ந்தது என்று லெனின் எழுதிய அறிக்கை வெளியானது. இரவு ஒன்பதரை மணிக்கு மேல் அரோரா போர்க்கப்பல் வெற்று வேட்டு ஒன்றைச் சுட்டது. ஆனால் குளிர்கால அரண்மனைக்குள் இருந்த அமைச்சர்கள் கைதானது நள்ளிரவு தாண்டி, அதிகாலை 2 மணி சுமாருக்கு. கறாராகப் பார்த்தால் அது 26. 'அரண்மனை வீழ்ந்த நாள் எது' என்று ஒரு மதிப்பெண்ணுக்குக் கேட்டுவிட்டு, 25 என்று விடைக்குறிப்பில் அச்சடித்து, 26 எழுதிய பிள்ளைக்குச் சுழி போடுகிறவர்களை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தேதியை மட்டும் கேட்டு எந்த நாட்காட்டி என்று சொல்லாத கேள்வி, கேள்வியே இல்லை. வரலாற்றாசிரியர்கள் பழைய கணக்கு (ஜூலியன்), புதிய கணக்கு (கிரெகோரியன்) என்று குறித்து எழுதி இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். பாடநூல் குழுக்களுக்குத்தான் அடைப்புக்குறி போட மனம் வரவில்லை.

சரி, பட்டியல் விஷயத்துக்கு வருகிறேன். 'ஆயிரக்கணக்கான தேதிகள், ஒரே கோப்பில்' என்று விற்கிறார்களே, அவற்றைப் பெரும்பாலும் யாரும் உட்கார்ந்து தொகுப்பதில்லை. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதுவது, நடுவில் அரைகுறையாக விவரம் தெரிந்த ஒருவர் தேதியை மாற்றுவது, அடுத்தவர் அதையே இன்னொரு தடவை மாற்றுவது. நவம்பர் 7-ஐப் பழைய தேதி என்று நினைத்து மேலும் 13 நாள் கூட்டி நவம்பர் 20 ஆக்கிய பட்டியல்கூட என் கையில் வந்திருக்கிறது. இன்னொரு கூத்து, எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 13 கூட்டுவது. 13 என்பது 1900-க்குப் பிறகுதான். 1582-லிருந்து 1700 வரை வித்தியாசம் 10 நாள், 18-ஆம் நூற்றாண்டில் 11, 19-ஆம் நூற்றாண்டில் 12. வாங்குவதற்கு முன் ஒரே ஒரு இடத்தைப் புரட்டிப் பாருங்கள்: ரஷ்யாவில் டிசம்பரிஸ்டுகள் என்ற ராணுவ அதிகாரிகள் ஜாருக்கு எதிராகக் கிளர்ந்தது 1825 டிசம்பர் 14, புதிய கணக்கில் டிசம்பர் 26. பட்டியலில் 27 என்று இருந்தால் விற்பவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கொலம்பஸுக்கு 21 எங்கிருந்து வந்தது என்றால், கணக்கு தப்பு இல்லை. 1492-ல் வித்தியாசம் 9 நாள், 12-உடன் 9 கூட்டினால் 21. 1892-ல் நானூறாவது ஆண்டு நிறைவை அமெரிக்க அரசே அக்டோபர் 21-ஆம் தேதிதான் கொண்டாடச் சொன்னது. ஆனால் 1492-ல் கிரெகோரியன் நாட்காட்டி என்று ஒன்று இல்லவே இல்லை, பஹாமாஸில் இறங்கியவர்களின் குறிப்பில் இருப்பது 12. இதை மாற்றினால் ஹேஸ்டிங்ஸை அக்டோபர் 20-க்குத் தள்ள வேண்டும், கான்ஸ்டான்டிநோபிள் வீழ்ச்சியைத் தள்ள வேண்டும், அதற்கு முடிவே கிடையாது. உலகில் எந்தப் பேராசிரியரும் அப்படி எழுதுவதில்லை.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட முடியாது, அதுவும் அக்டோபர்தான். அலாஸ்கா. ரஷ்யாவிடமிருந்து அமெரிக்கா 72 லட்சம் டாலருக்கு வாங்கியது, ஒப்பந்தம் 1867 மார்ச் 30, கைமாறியது அங்குள்ள சிட்கா நகரில் அக்டோபர் 18. இதற்குப் பழைய தேதி அக்டோபர் 6 என்று அடைப்புக்குறிக்குள் போடத் தோன்றும், 12 நாள் கழித்தால் 6 தானே. போடாதீர்கள். சிட்காவில் இருந்த ரஷ்யர்கள் ஜூலியன் நாட்காட்டியை மட்டும் வைத்திருக்கவில்லை, ஆசியாப் பக்கத்து நாளையும் வைத்திருந்தார்கள். சைபீரியா வழியாகக் கிழக்கே போனவர்கள் அல்லவா, அதனால் அமெரிக்காவைவிட ஒரு நாள் முன்னே இருந்தார்கள். ஆட்சி மாறியதும் நாட்காட்டியும் மாறியது, சர்வதேசத் தேதிக்கோடு அவர்களுக்கு மேற்கே போய்விட்டது. விளைவு, அவர்கள் வெள்ளிக்கிழமை அக்டோபர் 6 என்று படுத்து, எழுந்தபோது மறுபடியும் வெள்ளிக்கிழமை, தேதி அக்டோபர் 18! தேதியில் 11 தாண்டியது, கிழமை நகரவே இல்லை. ஒரு மனிதர் அடுத்தடுத்து இரண்டு வெள்ளிக்கிழமை வாழ்ந்திருக்கிறார். ஆக, கைமாறிய அந்த வெள்ளி பழைய சிட்கா கணக்கு தொடர்ந்திருந்தால் சனிக்கிழமை அக்டோபர் 7. வெறும் 12-ஐக் கழித்து 6 என்று எழுதினால், முதல் வெள்ளிக்கும் இரண்டாம் வெள்ளிக்கும் வித்தியாசம் தெரியாதவர் என்று ஆகிவிடும். பலகையில் 1867 அக்டோபர் 18 என்று மட்டும் எழுதுங்கள். அலாஸ்கா மாநிலமும் அந்த நாளைத்தான் கொண்டாடுகிறது.

20-ஆம் நூற்றாண்டு நிகழ்வுகளில் நாட்காட்டித் தொல்லை பெரும்பாலும் கிடையாது, வேறு தொல்லை உண்டு. வால் ஸ்ட்ரீட் பங்குச் சந்தைச் சரிவை ஒரே நாளில் அடக்காதீர்கள்: 1929 அக்டோபர் 24 கறுப்பு வியாழன், 29 கறுப்புச் செவ்வாய், நடுவில் திங்களன்றும் சந்தை படுமோசமாகத்தான் விழுந்தது. முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் ஏவப்பட்டது 1957 அக்டோபர் 4, மாஸ்கோ நேரப்படி இரவு பத்தரை மணி. ஏவுதளத்தின் உள்ளூர் நேரத்தில் 5 பிறந்திருந்தாலும் உலகம் 4 என்றே எழுதுகிறது, நீங்களும் அப்படியே. ஐ.நா. சாசனத்தில் கையெழுத்து 1945 ஜூன் 26, நடைமுறைக்கு வந்தது அக்டோபர் 24. ஜெர்மனி இணைந்தது 1990 அக்டோபர் 3, பெர்லின் சுவர் திறந்தது அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில். இரண்டையும் ஒரே நிகழ்வாகக் குழப்பும் பட்டியல்கள் ஏராளம்.

பலகையில் ரஷ்யப் புரட்சிக்கு இப்படி எழுதிவிடுங்கள்: '1917 அக்டோபர் 25 (புதிய கணக்கில் நவம்பர் 7): பெத்ரோகிராதில் லெனின் தலைமையிலான போல்ஷெவிக்குகள் ஆட்சியைக் கைப்பற்றினர்.' அடுத்த மாதப் பலகையில் நவம்பர் 7-க்கு மறுபடியும் ரஷ்யப் புரட்சி என்று போட்டுவிடாதீர்கள். உங்கள் கையில் இருக்கும் பட்டியலில் அநேகமாக அது இரண்டு தனித்தனி நிகழ்வாகவே இருக்கும், ஒன்று 'போல்ஷெவிக் எழுச்சி', மற்றது 'சோவியத் புரட்சி' என்று பெயர் மாற்றி. நவம்பர் 7-க்கு இடம் காலியாக இருக்கிறதே என்றால் 1941-ஐப் போடுங்கள்: ஜெர்மன் படை மாஸ்கோவை நெருங்கியிருந்த நேரத்தில், புரட்சி தினத்துக்காகச் செஞ்சதுக்கத்தில் அணிவகுப்பு நடந்தது. அதற்கு அடைப்புக்குறி தேவையில்லை.