சொகோட்டோ ஜிஹாத் மார்க்கச் சீர்திருத்தமா, ஆட்சிப் பிடிப்பா?

19ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்காவில் நடந்த ஜிஹாதுகள் உண்மையிலேயே மார்க்கச் சீர்திருத்தமா, இல்லை மதத்தின் பெயரால் ஆட்சியைப் பிடித்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் போல. இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொல்கிறார்கள். இதே கேள்வியை நானும் ஒருமுறை கேட்டேன், அதுவும் கேட்கக் கூடாத இடத்தில். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

1981 முதல் 1985 வரை வடக்கு நைஜீரியாவில், அந்த ஜிஹாதுகளில் ஒன்றால் உருவான சொகோட்டோ நகருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். எண்ணெய்ப் பணம் புரண்ட காலம், நம் ஊர் ஆசிரியர்கள் நிறையப் பேர் அங்கே போனார்கள். ஹௌசா, ஃபுலானி என்று இரண்டு இனத்தார் வாழும் பகுதி அது. ஒருநாள் ஆசிரியர் அறையில் பேச்சுவாக்கில், "ஃபுலானிகள் ஹௌசாக்களின் நாட்டைப் பிடித்தார்கள், அவ்வளவுதானே?" என்று சொல்லிவிட்டேன். அறையே அமைதியாகிவிட்டது. அரபி சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒருவர் இருந்தார், எல்லோரும் மாலம், அதாவது ஆசான், என்பார்கள். அவர் கோபப்படவில்லை. "வெள்ளிக்கிழமை மனைவியையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்" என்றார்.

ஹௌசா வீடுகளில் வெளி ஆண்கள் ஸௌரே என்கிற வாசல் அறையைத் தாண்டி உள்ளே போவதில்லை. என் மனைவி உள்ளே போய்விட்டாள். நான் அந்த மண்சுவர் அறையில் பாயில் உட்கார்ந்து கேட்டேன்.

சொகோட்டோ ஜிஹாதை நடத்திய ஷெஹு (ஷேக்) உஸ்மான் டான் ஃபோடியோ, ஃபுலானி இனத்து மார்க்க அறிஞர், 1754இல் கோபிர் என்ற ஹௌசா நாட்டில் பிறந்தவர். பல ஆண்டுகள் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தவர், வாளோடு ஆரம்பித்தவர் இல்லை. ஹௌசா மன்னர்கள் மீது அவர் சொன்ன குற்றச்சாட்டுகளில் பாதி தொழுகை, சடங்கு பற்றியது. மீதிப் பாதி வரி, லஞ்சம், சுதந்திரமான முஸ்லிம்களையே பிடித்து அடிமையாக விற்பது பற்றியது. மாடு மேய்ப்பவனிடம் ஜங்காலி என்று மாட்டு வரி வாங்கினார்கள், அது ஷரீஅத் என்கிற இஸ்லாமியச் சட்டத்தில் இல்லை என்றார். கூட்டம் பெருகியதும் கோபிர் மன்னர் நஃபாத்தா ஓர் ஆணை போட்டார்: முஸ்லிமாகப் பிறக்காதவர் மதம் மாறக் கூடாது, ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது, பெண்கள் முக்காடு போடக் கூடாது. அடுத்து வந்த யுன்ஃபா காலத்தில் பகை முற்றியது. 1804 பிப்ரவரியில் ஷெஹு தன் கூட்டத்தோடு குடு என்ற இடத்துக்கு ஹிஜ்ரத், அதாவது மார்க்கத்துக்காக ஊரை விட்டு, போனார். அங்கேதான் அவரை அமீராக, அதாவது தலைவராக, தேர்ந்தெடுத்தார்கள். 1808இல் கோபிரின் தலைநகர் அல்கலாவா விழுந்தது, யுன்ஃபா கொல்லப்பட்டார். மறு ஆண்டு ஷெஹுவின் மகன் முஹம்மது பெல்லோ சொகோட்டோவைக் கட்டினார். ஷெஹுவிடம் ஜிஹாத் நடத்த அனுமதியாகக் கொடி வாங்கிப் போனவர்கள் அங்கங்கே அமீர்கள் ஆனார்கள்.

மாலம் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து ஒரு பாட்டு கேட்டது. அவருடைய வயதான தாயார் தொடையில் தட்டித் தாளம் போட்டுச் சொல்ல, பேத்திகள் ஒவ்வொரு அடியின் கடைசியையும் திருப்பிச் சொன்னார்கள் என்று மனைவி பிறகு சொன்னாள். ஷெஹுவின் மகள் நானா அஸ்மாவின் பாட்டு அது. அந்த அம்மையார் அரபி, ஃபுலானிகளின் மொழியான ஃபுல்ஃபுல்டே, ஹௌசா மூன்றிலும் எழுதினார். கிராமத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க யான் தாரு என்று ஆசிரியைகளின் குழுவையே உருவாக்கினார். தலைமை ஆசிரியைக்கு ஓலைத் தொப்பியும் அதில் கட்ட சிவப்புத் துணியும் கொடுப்பாராம். 1864இல் இறந்தவருடைய பாட்டை நூற்றுச் சொச்சம் வருடம் கழித்து என் காதால் கேட்டேன். வெறும் படை பலத்தால் நின்ற அரசு இப்படி ஒன்றை விட்டுப் போகாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஜிஹாதுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று யாராவது கிளம்புவார்கள், தெரியும். நான் வரலாறு படித்தவன் இல்லை. ஆனால் கொள்ளையில் இறங்கிய சொந்தப் படையைப் பார்த்து மனம் வெறுத்து, ஷெஹுவின் தம்பி அப்துல்லாஹியே 1807இல் அதை விட்டு விலகி கானோ நகருக்குப் போய்விட்டார். சுதந்திரமான முஸ்லிம்களை அடிமையாக்குவதைக் குறை சொல்லி எழுந்த அரசு, ஆயிரக்கணக்கான அடிமைகளை வைத்துப் பண்ணைகள் நடத்தியது. இதையும் மாலம்தான் சொன்னார். "என் பாட்டியின் தாயாரை வேறு ஊரிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஷெஹுவை மதிக்கிறேன், அதற்காக இதை மறைக்க மாட்டேன்" என்றார். அதற்கு மேல் அந்த ஆசிரியர் அறைக் கேள்வியை நான் கேட்கவில்லை.

என்னைக் கேட்டால், வரியும் நீதியும் மார்க்கத்தின் பகுதி என்று நம்பியவர்களிடம் போய் மதமா அரசியலா என்று பிரிக்கச் சொல்வதே சரியில்லை. சீர்திருத்தம் உண்மை. அது அரசான பிறகு செய்த அநியாயமும் உண்மை.

    

அதே நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்காவில் இன்னொரு ஜிஹாதை நடத்திய உமர் தாலைப் பற்றி எழுதவில்லையே என்று கேட்காதீர்கள். அவர் சொகோட்டோவில் சில வருடம் தங்கி பெல்லோவின் மகளை மணந்தவர். பின்னால், 1862இல், மாசினாவின் தலைநகர் ஹம்துல்லாஹியைப் பிடித்தார். மாசினாவும் ஒரு சீர்திருத்த ஜிஹாதில் பிறந்த முஸ்லிம் அரசுதான். அதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள், எழுதுகிறேன்.