மனிதரும் அசுரரும் வாழும் நகரம்: குருமார் ஆட்சியை நம்பும்படி எழுதுவது எப்படி?

கேள்வி: மனிதரும் அசுரரும் ஒரே நகரத்தில் வாழும் கற்பனைக் கதை ஒன்றை எழுதுகிறேன். ஆட்சி முழுக்கக் குருமார் கையில். அசுரர் அடிமைகள், மனிதர் வாய் திறக்கப் பயந்தவர்கள். வாசித்த சிநேகிதிகள், "குருமார் ஏன் இவ்வளவு கொடுமை செய்கிறார்கள் என்று விளங்கவில்லை" என்கிறார்கள். எப்படித் திருத்துவது? எங்கள் ஊரில் யாராவது இதைத் தங்கள் சமயத்தைப் பற்றியது என்று எடுத்துக்கொள்வார்களோ என்ற பயமும் இருக்கிறது. — கல்முனையிலிருந்து ஒரு வாசகி

பதில்: உங்கள் சிநேகிதிகள் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்கள். குருமாருக்கு அசுரர் மேல் வெறுப்பு, அதனால் கொடுமை என்று கதை போகிறது. வெறுப்பை வைத்து ஓர் இரவுக் கலவரத்தை நடத்தலாம். தலைமுறை தலைமுறையாக ஓர் ஆட்சியை நடத்த அது போதாது. குருமாருக்கு அசுரர் தேவைப்பட வேண்டும், அசுரர் இல்லாமல் அவர்களுடைய அதிகாரம் ஒரு நாளும் நிற்கக் கூடாது. அந்தத் தேவை என்ன என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்.

இதற்கு நீங்கள் தூரம் போகத் தேவையில்லை. பேயோடும் பூதத்தோடும் நம் பக்கத்து ஆட்கள் காலங்காலமாக ஒரு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தார்கள். முன்பெல்லாம் சூடு மிதிக்கும் (நெற்கதிரை மிதித்து நெல்லைப் பிரிக்கும்) களத்தில் பொருள்களை வழக்கமான பெயரால் சொல்ல மாட்டார்கள், களத்துக்கென்று வேறு சொற்கள் இருந்தன. பெயர் காதில் விழுந்தால் பூதம் பொலியை, அதாவது நெற்குவியலை, கொண்டுபோய்விடும் என்பது நம்பிக்கை. பிள்ளை பெற்ற வீட்டில் கொத்தி என்ற பேய் அண்டாமல் பார்த்துக்கொண்டார்கள். காவல் தெய்வத்துக்கு மடை (படையல்) வைத்தார்கள். உடம்புக்கு முடியாமல் போனால் பேயை விலக்கும் சடங்காகக் கழிப்புக் கழித்தார்கள். முஸ்லிம் ஊர்களில் ஜின் பற்றிய நம்பிக்கைக்கும் இப்படியே ஒரு ஒழுங்கு உண்டு. இவற்றில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: இந்த உடன்படிக்கைகள் வீட்டுக்கும் வயலுக்கும் குடிவழிக்கும் சொந்தமானவை. மேலே யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது உங்கள் நகரத்தில் ஒரு கட்டளை வருகிறது. இனி யாரும் வீட்டில் மடை வைக்கக் கூடாது, களத்தில் மறைசொல் பேசக் கூடாது. அசுரரோடு ஏதும் கதைக்க வேண்டுமானால் மடத்துக்கு வந்து காணிக்கை கட்டிக் குருவின் மூலம்தான் கதைக்க வேண்டும். உங்கள் ஆட்சி பிறந்த நாள் அதுதான். அந்த முதல் கட்டளைக்கு நல்ல காரணம் ஒன்றைக் கொடுங்கள். ஏதோ ஒரு வீட்டு உடன்படிக்கை பிழையாகி ஒரு ஊரே அழிந்திருக்கட்டும், முதல் குரு மிச்சமிருந்தவர்களை உண்மையிலேயே காப்பாற்றியிருக்கட்டும். அவரைக் கெட்டவராக்காதீர்கள். பேரப்பிள்ளைகள் காலத்தில் ஆபத்து போய்விடும், கட்டளை மட்டும் நிற்கும்.

அதோடு அன்றாடப் பிழைப்பை இணையுங்கள். மட்டக்களப்பு வாவியில் மாரி வெள்ளம் ஏறினால் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிடுவது உங்களுக்குத் தெரியும். எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரருக்கும் மீன்பிடிக்கிறவர்களுக்கும் எப்போதும் ஒரே விருப்பம் இருப்பதில்லை. உங்கள் நகரத்திலும் ஒரு வாவி இருக்கட்டும். அதன் வாயை வெட்டும் பலம் அசுரருக்கு மட்டும், அவர்களுக்குக் கட்டளையிடும் மந்திரம் மடத்துக்கு மட்டும். பெரிய வயல்காரரான போடியாரும் மீனவரும் ஒரே படியில் கைகட்டி நிற்பார்கள். சவுக்கை வெளியே எடுக்க வேண்டிய தேவையே குருமாருக்கு வராது. வாவியின் கிழக்கே எழுவான்கரையில் மனிதர், மேற்கே படுவான்கரையில் அசுரர், நடுவில் ஆட்களை ஏற்றிக் கடக்கும் பாதை என்ற மிதவை ஒன்று, அதில் ஏறச் சீட்டு என்று வைத்தால் மண்டூர்ப் பாதையில் போய்வந்த வாசகருக்கு அந்த உலகம் உடனே பிடிபடும்.

கொடுமை என்றால் சித்திரவதைக் கூடம் என்று நினைத்து அதற்குப் பல பக்கங்களை ஒதுக்கியிருப்பீர்கள். குறையுங்கள். சரித்திரத்தில் இருந்த சமய நீதிமன்றங்கள் வேலை செய்த விதம் அதைவிடப் பயங்கரமானது. 1478இல் தொடங்கி 1834இல் கலைக்கப்பட்ட ஸ்பானிய விசாரணை மன்றத்தில், குற்றம் சாட்டியவர் யார் என்று கைதிக்குச் சொல்ல மாட்டார்கள். கைதானவுடனேயே சொத்தை முடக்கி, சிறைச் செலவையும் அதிலிருந்தே எடுப்பார்கள். மரண தண்டனையைச் சமய மன்றம் தன் கையால் நிறைவேற்றாது, கைதியை அரச அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிடும். இந்தக் கடைசி விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் குருமாரும் இரத்தம் சிந்தாதவர்கள். தண்டனையை நிறைவேற்ற அசுரரை ஏவுகிறார்கள். அப்போது தகப்பனை இழந்த பிள்ளை யாரை வெறுக்கும்? அசுரரைத்தான். பாதுகாப்புக் கேட்டு அதே மடத்துக்குத்தான் ஓடும்.

அடுத்தது சோதனை. உங்கள் அசுரருக்கெல்லாம் கொம்பு இருந்தால் யார் அசுரர் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும், குருமாருக்கு வேலை இல்லை. கொம்பு சிலருக்கு இருக்கட்டும். பலர் மனிதரைப் போலவே இருக்கட்டும், கலப்பில் பிறந்தவர்களும் இருக்கட்டும். "இவன் அசுரன்" என்று தீர்ப்புச் சொல்லும் உரிமைதான் ஆட்சியின் உயிர். 1692இல் அமெரிக்காவின் சேலம் வழக்குகளில், குற்றம் சாட்டியவரின் கண்ணுக்கு மட்டும் தெரிந்த ஆவியுருவை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்றது. சூனியக்காரி என்று ஒப்புக்கொண்டவர்கள் பெரும்பாலும் உயிர் தப்பினார்கள். 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள், அநேகமாக எல்லோரும் கடைசிவரை மறுத்தவர்கள். பொய் சொன்னால் வாழலாம், உண்மை சொன்னால் சாவு. உங்கள் கதாநாயகியின் அண்ணன் பொய் சொல்ல மறுப்பவனாக இருந்தால் ஓர் அத்தியாயம் தானாக எழுந்து நிற்கும்.

தீர்ப்பு எங்கே எழுதப்படுகிறது என்றும் பாருங்கள். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) ஆண்ட காலத்து இலங்கையில் பள்ளித் தோம்புகள் என்ற பதிவேடுகளில் ஞானஸ்நானமும் கலியாணமும் பதிவாயின. உத்தியோகம் வேண்டுமானால் அவர்களுடைய திருச்சபையில் பேர் இருக்க வேண்டும். தோம்பில் கிறிஸ்தவர், வீட்டில் சைவர் என்று பலர் வாழ்ந்தார்கள். கத்தோலிக்கக் குருமாருக்கு இடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று 1658இல் கட்டளை வந்தது. அப்படியிருந்தும் 1687இல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் வந்து மறைந்திருந்தவர்களுக்குப் பணி செய்தார். உங்கள் நகரத்துக்கும் ஒரு தோம்பு வேண்டும், அதை எழுதுகிற லிகிதர் ஒருவர் வேண்டும். தலைமைக் குருவைவிட எனக்கு அவர்தான் முக்கியமாகப் படுகிறார். இளகிய மனசு, கலியாணத்துக்கு நிற்கும் இரண்டு பெண்பிள்ளைகள், "அசுரம்" என்று எழுதும் போது மட்டும் கொஞ்சம் நடுங்கும் கை. அந்த மனிதரில்லாமல் எந்தக் கொடுங்கோலும் ஒரு வாரம் தாங்காது.

அசுரரை ஒரே கூட்டமாக எழுதாதீர்கள். கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்தில் கூழ் சமைக்கும் பேய்களுக்குள் பார்ப்பனப் பேயும் உண்டு, சமணப் பேயும் புத்தப் பேயும் உண்டு. எல்லாவற்றுக்கும் பசி. சூரன்போர் பார்த்து வளர்ந்த நமக்கு, சூரன் முடிவில் மயிலும் சேவலுமாகி முருகனோடு சேர்வது தெரிந்த கதை. ஆகவே குருமாரைவிட ஆழமாக நம்பும் அசுரன் ஒருவனை எழுதுங்கள். தண்டனை நிறைவேற்றுபவன் அவனே, இதைச் செய்தால் அடுத்த பிறவியில் மனிதனாகலாம் என்று நம்புகிறான். கிளர்ச்சிக்காரனைவிட அவன் வாசகரைக் கூடுதலாக உலுக்குவான்.

உடை, கோபுரம், மந்திர விதிகள் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் பயம். அது நியாயமானது, அம்பாறை மாவட்டத்தில் இருந்து எழுதுகிறவர் அதை லேசாக எடுக்கக் கூடாது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், கிறிஸ்தவர் எல்லோரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கிறோம், எல்லோருக்கும் இழப்பு இருக்கிறது. உங்கள் அசுரர் உண்மையிலேயே மனிதரைத் தின்பவர்களாக இருந்து, அவர்களின் உடையோ பெயரோ சாப்பாடோ ஒரு நிஜச் சமூகத்தை ஞாபகப்படுத்தினால், அந்தச் சமூகத்தைக் கண்டு பயப்படுவது சரிதான் என்று உங்கள் கதை சொன்னதாகிவிடும். நீங்கள் நினைத்ததற்கு நேர் எதிர். அசுரரின் ஆபத்து மடம் ஊதிப் பெருக்கியதாக இருக்கட்டும், அல்லது நிஜ ஆபத்து என்றால் எந்தச் சமூகத்தின் சாயலும் அவர்களில் இல்லாமல் இருக்கட்டும். குருமாருக்கும் அப்படியே: காவி, திருநீறு, தொப்பி, சிலுவை எதுவும் வேண்டாம். உப்பும் வாவியும் மணலும் வைத்துப் புதுச் சமயம் ஒன்றை உண்டாக்குங்கள்.

அந்தச் சமயத்துக்கு அழகும் கொடுங்கள். செத்த வீட்டில் அழுகிறவளைத் தேற்றும் பாட்டு ஒன்று அதில் இருக்க வேண்டும், அதைப் பாடும் குரு மனதாரப் பாட வேண்டும். மக்கள் ஏன் விட்டுப் போகவில்லை என்பது அப்போதுதான் விளங்கும். அச்சுக்குக் கொடுக்கும் முன் நான்கு சமூகங்களிலிருந்தும் ஒவ்வொருவரிடம் வாசிக்கக் கொடுத்து, எந்த இடத்தில் முகம் சுளிக்கிறார்கள் என்று கேளுங்கள்.

திருத்தத்தை முதல் அத்தியாயத்தில் தொடங்குங்கள். தண்டனைக் காட்சியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, வெள்ளம் ஏறுகிற இரவில், வயல் மூழ்குமுன் முகத்துவாரத்தை வெட்டச் சொல்லி மடத்து வாசலில் சீட்டுக்குக் காத்திருக்கும் ஆட்களை எழுதுங்கள். வரிசையில் கதாநாயகியும் நிற்கட்டும். அவளுடைய பேரைத் தோம்பில் தேடும் லிகிதர் பக்கம் புரட்டுவதை நிறுத்தும் இடத்தில் அத்தியாயத்தை முடிக்கலாம்.