நிழலிலும் இசட் இசட் செடி தழைப்பது எப்படி?

வீட்டுக்குள் தொட்டியில் அழகுக்காக வளர்க்கும் இசட் இசட் (ZZ) செடி, நேர் வெயிலே படாத அறையில் எப்படி உயிர் வாழ்கிறது என்பது கேள்வி. நிழல் தாங்கும் செடி என்றால், குறைந்த வெளிச்சத்திலும் தனக்கு வேண்டிய உணவைத் தயாரித்துக்கொண்டு தாக்குப்பிடிக்கும் செடி என்று பொருள்.

இதன் பூர்வீகம் கென்யாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கு வரை. அங்கே மரநிழலிலும் பாறை இடுக்கிலும், நீண்ட வறட்சியைத் தாண்டி வளர்ந்து பழகியது. தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால் விஷயம் புரியும்: மண்ணுக்குள் உருளைக்கிழங்கு மாதிரி கிழங்குகள். இலைக்காம்பின் அடிப்பகுதியும் பருத்து, நீர் கோத்திருக்கும். வரவு குறைவு, செலவு அதைவிடக் குறைவு, கையில் எப்போதும் கொஞ்சம் சேமிப்பு என்று ஓடும் குடும்பத்தைப் போலத்தான் இந்தச் செடியும். மெதுவாக வளர்வதும் அதனால்தான்.

இதை அன்பால் கொல்பவர்களே அதிகம். தினமும் தண்ணீர் ஊற்றாதீர்கள். விரலை ஆழமாக விட்டுப் பாருங்கள். மண் முழுக்கக் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். தொட்டியின் அடியில் துளை கட்டாயம் வேண்டும். இலை மஞ்சளாகி, காம்பின் அடி கொழகொழவென்று இருந்தால் கிழங்கு அழுகுகிறது. அப்புறம், இதன் சாறு வாயில் பட்டால் எரியும். குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

நிழலைத் தாங்கும் என்பதை நிழல்தான் பிடிக்கும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் ஜன்னலோர மிதமான வெளிச்சத்தில்தான் புதுத் தளிர்கள் நிறைய வரும், இருட்டு மூலையில் அது சேமிப்பைக் கரைத்துக்கொண்டிருக்கும்.