ஓவனில் தொலையும் மணம்: கிரீம் லிக்யூர் சாக்லேட் கேக் கேள்வி-பதில்

டிசம்பர் நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி பிளம் கேக்கைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறை ஐரிஷ் கிரீம் என்ற லிக்யூர், அதாவது இனிப்பு மது, சேர்த்த சாக்லேட் கேக் முந்திக்கொண்டது. லீவுக்கு ஊருக்கு வருகிறவர்கள் ஏர்போர்ட்டில் வாங்கி வந்த பாட்டில் ஒன்று பல வீட்டு அலமாரியில் நிற்கிறது போலிருக்கிறது. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

அக்கா, துபாயிலிருந்து வந்த தம்பி ஒரு பெய்லீஸ் பாட்டில் கொடுத்தான். கேக் மாவில் 150 மி.லி. ஊற்றினேன். வெந்து வந்தபோது சாதாரண சாக்லேட் கேக் வாசனைதான் இருந்தது. எங்கே தப்பு?
ஃபேர்லேண்ட்ஸ், சேலம்

அளவில் தப்பில்லை, ஊற்றிய இடத்தில்தான் தப்பு. ஐரிஷ் கிரீம் என்பது பால் கிரீம், ஐரிஷ் விஸ்கி, சர்க்கரை, கொஞ்சம் கோகோ மணம், அவ்வளவுதான். 1974-ல் அயர்லாந்தில் பெய்லீஸ் என்ற பிராண்ட் வந்த பிறகுதான் இந்த வகையே உலகத்துக்குப் பழக்கமானது. அதில் ஆல்கஹால் 17 சதவீதம். விஸ்கியிலிருந்து வருகிற மணம் சூட்டில் நிற்காது. முக்கால் மணி நேரம் 170 டிகிரியில் வைத்தால் அது கேக்கை விட்டுவிட்டு உங்கள் சமையலறையை மணக்க வைக்கும். மிஞ்சுவது பால், சர்க்கரை, கோகோ. அது மூன்றும் ஏற்கெனவே உங்கள் கேக்கில் இருக்கிறது. அப்புறம் எப்படித் தனியாகத் தெரியும்?

நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். கேக் மாவில் லிக்யூர் ஒரு சொட்டுகூட வேண்டாம். அங்கே கெட்டி டிகாக்ஷன் போடுங்கள். காபியின் கசப்பு கோகோவைத் தூக்கிக் காட்டும். லிக்யூரை ஓவனை அணைத்த பிறகு இரண்டு இடத்தில் சேருங்கள்: வெந்த கேக்கின் மேல் தடவ ஒரு பங்கு, மேலே ஊற்றும் கனாஷில், அதாவது சாக்லேட்டும் சூடான கிரீமும் கலந்த பூச்சில், ஒரு பங்கு.

8 அங்குல டின்னுக்கு என் அளவு: மைதா 175 கிராம், கோகோ 50 கிராம், சர்க்கரை 220 கிராம், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், சமையல் சோடா முக்கால் டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. இதைச் சலித்து வைத்துக்கொள்ளுங்கள். முட்டை 2, புளிக்காத தயிர் 120 மி.லி., எண்ணெய் 90 மி.லி. மூன்றையும் அடித்து அதில் சேருங்கள். கடைசியாகக் கொதிக்கக் கொதிக்க 150 மி.லி. டிகாக்ஷனை மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். மாவு தோசை மாவைவிடத் தளர்ந்து ஓடும். பயந்து மைதாவைக் கூட்டாதீர்கள், அப்படித்தான் இருக்க வேண்டும். சூடான டிகாக்ஷன் பட்ட கணத்தில் வெளிறிய பழுப்பில் இருந்த மாவு ஈரமான செம்மண் நிறத்துக்கு மாறும், கோகோ வாசனை குப்பென்று எழும். அந்த வாசனை வந்தால் கோகோ சரியாக ஊறிவிட்டது. 170 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம்.

வெளியே எடுத்துப் பத்து நிமிடம் கழித்து, கேக் கைக்கு இளஞ்சூடாக இருக்கும்போது, குச்சியால் இருபது முப்பது இடத்தில் குத்துங்கள். லிக்யூர் 60 மி.லி., ஆறிய டிகாக்ஷன் 30 மி.லி. கலந்து பிரஷ்ஷால் மூன்று தவணையாகத் தடவுங்கள். ஒரே தடவையில் ஊற்றினால் அடியில் போய்ச் சேறாகிவிடும். கேக்கை அன்றே வெட்டாமல் ஒரு ராத்திரி மூடி வைத்தால் மணம் உள்ளே வரை இறங்கும்.

இதே கேக் சேலத்தில் அம்மா வீட்டில் நன்றாக வருகிறது. ஏற்காட்டில் எங்கள் வீட்டில் செய்தால் நடுவில் குழி விழுகிறது. ஓவன் கோளாறா?
நாகலூர், ஏற்காடு

ஓவனைக் குறை சொல்லாதீர்கள், மலையைப் பாருங்கள். எனக்கும் இது நடந்திருக்கிறது. சில வருடங்களுக்கு முன் உங்கள் பக்கத்தில் ஒரு காபித் தோட்டத்து வீட்டில் பிறந்தநாள் கேக் செய்யப் போயிருந்தேன். வெளியே பனிமூட்டம், உள்ளே நான் ஓவன் கண்ணாடி முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இருபதாவது நிமிடத்தில் கேக் கோபுரமாக எழும்பியது. எனக்கு ஒரே சந்தோஷம். முப்பதாவது நிமிடத்தில் நடுவில் மெல்லப் பள்ளம் விழ ஆரம்பித்தது. எடுத்தபோது விளிம்பு நிற்க, நடு மட்டும் இட்லித் தட்டின் குழி மாதிரி உள்வாங்கியிருந்தது. பிறந்தநாள் குழந்தை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு நான் பட்ட வருத்தம் இன்னும் மறக்கவில்லை. சேலத்து அளவை அப்படியே மலைக்கு எடுத்துப் போனதுதான் தவறு.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போனால் சுமார் 1,500 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. பேக்கிங் பவுடர் விடுகிற வாயு அதிகம் விரியும். மாவு வெந்து இறுகும் முன்பே குமிழ்கள் பெரிதாகி உடைந்துவிடும். தண்ணீரும் அங்கே ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் கேக்கின் உள்பக்கம் இறுகத் தாமதமாகும், ஈரமும் சீக்கிரம் போய்விடும். எழும்புவது வேகம், வேகுவது மெதுவு. இந்த இரண்டும் ஒத்துப்போகாததால்தான் பள்ளம்.

மேலே சொன்ன அளவில் ஏற்காட்டுக்காக இப்படி மாற்றுங்கள்: பேக்கிங் பவுடர் முக்கால் டீஸ்பூன், சோடா அரை டீஸ்பூன், சர்க்கரை 200 கிராம், கூடுதலாக 2 டேபிள்ஸ்பூன் பால். சூடு 170-க்குப் பதில் 180 டிகிரி. 35-வது நிமிடத்திலேயே குச்சி விட்டுப் பாருங்கள். முட்டையை நுரைக்க நுரைக்க அடிக்காதீர்கள், கலந்தால் போதும். சர்க்கரை ஏன் குறைகிறது என்றால், அது மாவு இறுகுவதைத் தள்ளிப்போடும். மேலே தடவும் லிக்யூரிலேயே 100 மி.லி.க்கு சுமார் 20 கிராம் சர்க்கரை இருக்கிறது, இனிப்பு குறைந்ததாகத் தெரியாது.

முதல் தடவையே எல்லாம் சரியாக வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். உங்கள் வீடு ஊருக்குள் இருக்கிறதா, சேர்வராயன் கோவில் பக்கம் இன்னும் மேலே இருக்கிறதா என்பதைப் பொறுத்துச் சோடாவில் ஒரு சிட்டிகை கூடக் குறையலாம். ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றி, நோட்டில் எழுதி வையுங்கள்.

கனாஷில் லிக்யூரை ஊற்றியதும் எண்ணெய் தனியாகப் பிரிந்து மணல் மாதிரி ஆகிவிட்டது. தூக்கிப் போடுவதா?
ஆத்தூர்

போடாதீர்கள், காப்பாற்றலாம். பிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற லிக்யூரைச் சூடான சாக்லேட்டில் ஊற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அல்லது கிரீம் கொதித்துத் தளதளக்கும்போது ஊற்றியிருப்பீர்கள். இரண்டு டேபிள்ஸ்பூன் பாலை இளஞ்சூடாக்கி, பிரிந்த கனாஷில் ஒவ்வொரு ஸ்பூனாக விட்டு, கிண்ணத்தின் நடுவிலிருந்து சின்ன வட்டமாகக் கலக்குங்கள். நடுவில் பளபளப்பு வரும், பிறகு வட்டத்தைப் பெரிதாக்குங்கள்.

அடுத்த முறை: 200 கிராம் டார்க் சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, 100 மி.லி. பிரெஷ் கிரீமை ஓரத்தில் குமிழ் வரும்வரை சூடாக்கி மேலே ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டுக் கலக்குங்கள். விரலை வைத்தால் சுடாத பதம் வந்ததும், வெளியே எடுத்து வைத்திருந்த லிக்யூர் 60 மி.லி.யை மூன்று பங்காக விடுங்கள். வெறும் சாக்லேட்டை மட்டும் உருக்கி அதில் ஒரு ஸ்பூன் லிக்யூர் விடுகிற வேலை வேண்டவே வேண்டாம். கொஞ்சம் ஈரம் பட்டாலே உருகிய சாக்லேட் கட்டிப்போய்விடும்.

சித்திரை வெயிலில் சேலத்தில் செய்கிறவர்கள் சாக்லேட்டை 250 கிராம் ஆக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கனாஷ் தட்டில் ஓடும். சாக்லேட் வாங்கும்போது பின்பக்கம் படித்துப் பாருங்கள். கோகோ பட்டருக்குப் பதில் தாவரக் கொழுப்பு என்று போட்டிருந்தால் அது காம்பவுண்ட். அதுவும் இறுகும், ஆனால் நாக்கில் மெழுகு மாதிரி ஒட்டும், லிக்யூரின் மெல்லிய மணத்தை மூடிவிடும். இந்தக் கேக்குக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

ஓவனில் வெந்தால் ஆல்கஹால் எல்லாம் ஆவியாகிவிடும், குழந்தைகளுக்குத் தரலாம் என்கிறார்களே?
சூரமங்கலம், சேலம்

தரக்கூடாது. எல்லாம் ஆவியாகிவிடும் என்பது தவறு. அமெரிக்க வேளாண்துறையின் அட்டவணைப்படி, கலவையில் சேர்த்து அரை மணி நேரம் வேகவைத்தாலும் 35 சதவீதம் ஆல்கஹால் மிஞ்சுகிறது, ஒரு மணி நேரம் போனாலும் 25 சதவீதம் இருக்கிறது. நான் சொன்ன முறையில் லிக்யூர் அடுப்பையே பார்ப்பதில்லை. அதனால் ஊற்றிய 120 மி.லி.யில் உள்ள சுமார் 20 மி.லி. ஆல்கஹால் ஏறக்குறைய முழுசாகக் கேக்கில் இருக்கும். பன்னிரண்டு துண்டு போட்டால் ஒரு துண்டுக்கு ஒன்றரை மி.லி.க்கு மேல். பெரியவர்களுக்கு அது சின்ன அளவு. குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், குடியை விட்டு மீண்டு வருகிறவர்களுக்கும் அந்தச் சின்ன அளவும் வேண்டாம். மதத்தால் தொடாதவர்கள், மருந்து சாப்பிடுகிறவர்கள் என்று இன்னும் எத்தனையோ பேர். தட்டை நீட்டும் முன் "இதில் லிக்யூர் இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாமல் கொடுத்துவிட்டு, சாப்பிட்ட பிறகு சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. நம்மை நம்பித்தான் ஒருவர் வாய் திறக்கிறார்.

எங்கள் வீட்டில் மது தொடமாட்டோம். ஆனால் அந்த ருசி பிடிக்கும் போல இருக்கிறது. வழி உண்டா?
அம்மாப்பேட்டை, சேலம்

உண்டு, நான் அதிகம் செய்வதே இதைத்தான். அந்த ருசியில் முக்கால்வாசி கிரீம், காபி, கோகோ, வெண்ணிலா. காபிக்கு நீங்கள் அயர்லாந்து வரை போக வேண்டாம், தலைக்கு மேலேயே மலை இருக்கிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காபிச் செடி வைத்த காலத்திலிருந்து அங்கே நல்ல அராபிகா விளைகிறது. சிக்கரி கலக்காத தூள் 50 கிராம் வாங்கி, பில்டரில் அழுத்தி, கொதிநீர் விட்டு, மூன்று மணி நேரம் கழித்து இறங்கும் முதல் டிகாக்ஷனை மட்டும் எடுங்கள்.

பிரெஷ் கிரீம் 100 மி.லி., கண்டென்ஸ்டு மில்க் 3 டேபிள்ஸ்பூன், இந்த டிகாக்ஷன் 3 டேபிள்ஸ்பூன், கோகோ 1 டீஸ்பூன், வெண்ணிலா அரை டீஸ்பூன், ஒரு கல் உப்பு. கோகோவை முதலில் சூடான டிகாக்ஷனில் குழைத்து, மற்றதைச் சேர்த்து வடிகட்டுங்கள். விஸ்கியின் மரவாசனைக்கு ஈடாக நான் ஒரு டீஸ்பூன் பனங்கருப்பட்டிப் பாகு விடுவேன். அது தரும் புகை கலந்த இனிப்பு இந்தக் கேக்குக்கு அவ்வளவு பொருந்தும். லிக்யூர் சொன்ன இடத்தில் எல்லாம் இதை அதே அளவில் ஊற்றலாம். ஆல்கஹால் இல்லாததால் பிரிட்ஜில் மூன்று நாள்தான் தாங்கும், கேக்கும் அப்படியே.

வீட்டிலேயே விஸ்கி வைத்துக் கிரீம் லிக்யூர் செய்யலாமா?
ஓமலூர்

செய்யலாம். கிரீம் 250 மி.லி., கண்டென்ஸ்டு மில்க் 200 கிராம், விஸ்கி 150 மி.லி., டிகாக்ஷன் 2 டேபிள்ஸ்பூன். மிக்சியில் நீண்ட நேரம் அடித்தால் வெண்ணெய் திரண்டுவிடும், பத்து வினாடி போதும். நம்மூர் விஸ்கி 42.8 சதவீதம், ஆகவே கலந்த பிறகு 11 சதவீதத்தை ஒட்டி வரும். கடை பாட்டிலின் 17 சதவீதம் இதில் இல்லை, வெளியே வைத்தால் கெட்டுவிடும். பிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்தில் முடியுங்கள். விஸ்கியை எரியும் அடுப்பின் பக்கத்தில் ஊற்றவே கூடாது.

போன தீபாவளிக்குத் திறந்த பாட்டில். இன்னும் ஆகுமா?
மேட்டூர்

தயாரித்த தேதியிலிருந்து இரண்டு வருடம் என்பது பெய்லீஸ் கணக்கு, அதுவும் 25 டிகிரிக்குள் வைத்திருந்தால். நம் ஊர் சமையலறையில் ஏப்ரல் மே மாதத்தில் 25 டிகிரியைக் கனவில்தான் பார்க்கலாம். ஆகவே பிரிட்ஜில் இருந்ததா என்பதுதான் கேள்வி. ஒரு ஸ்பூனில் ஊற்றிப் பாருங்கள். கட்டி கட்டியாக இருந்தாலோ, புளித்த தயிர் வாசனை வந்தாலோ கொட்டிவிடுங்கள்.

ஏற்காடு ஆரஞ்சுச் சாறையும் லிக்யூரையும் சேர்த்தேன், திரிந்துவிட்டது.
அஸ்தம்பட்டி, சேலம்

புளிப்பு பட்டால் பால் திரியும், கிரீம் லிக்யூரும் பால்தான். சாறை விட்டுவிட்டுத் தோலைத் துருவிப் போடுங்கள். ஆரஞ்சு நிறம் மட்டும், வெள்ளைப் பகுதி கசக்கும். கனாஷுக்கான கிரீமைச் சூடாக்கும்போதே ஒரு பழத்தின் துருவலைப் போட்டு, வடிகட்டி ஊற்றினால் போதும். மாவில் நான் சொன்ன தயிரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், லிக்யூர் அந்தப் பக்கமே போவதில்லை.

ஓவன் இல்லை, குக்கர்தான்.
தாரமங்கலம்

கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றுங்கள். தண்ணீர் விடாமல் அடியில் ஒரு கப் கல் உப்பைப் பரப்பி, ஸ்டாண்ட் வைத்து மூடி, பத்து நிமிடம் மிதமான தீயில் சூடாக்கிய பிறகு டின்னை இறக்குங்கள். 6 அங்குல டின்னுக்கு என் அளவில் பாதி சரியாக இருக்கும். சிறு தீயில் 45 நிமிடம், முதல் அரை மணி நேரம் மூடியைத் திறக்காதீர்கள். கனாஷ் போடப் போவதால் மேற்புறம் சிவக்கவில்லை என்ற கவலையும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு இதை ஆர்டர் எடுத்து விற்கலாமா அக்கா?
குகை, சேலம்

வீட்டிலிருந்து கேக் விற்கவே உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். அதில் மது சேர்த்து விற்பது தனி விவகாரம், கேட்காமல் கால் வைக்காதீர்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரித்து, எழுத்தில் பதில் கிடைத்தால் மட்டும் பாருங்கள். அதுவரை அம்மாப்பேட்டைக்குச் சொன்ன டிகாக்ஷன் கேக்கை "ஏற்காடு காபி சாக்லேட் கேக்" என்று பெயர் போட்டு விற்கலாமே. வீட்டில் சின்னவர் முதல் பெரியவர் வரை எல்லோருக்கும் வெட்டித் தரலாம். அட்டைப் பெட்டியின் மேல் செய்த தேதியையும், மூன்று நாளைக்குள் சாப்பிடவும் என்பதையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.