மீடியாவா, நோராவா?

பழைய மேடை நாடக நாயகிகளில் மீடியா, நோரா இருவரில் யார் வலிமையானவர் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நோராதான்.

கி.மு. 431-இல் கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸ் மேடையேற்றிய மீடியாவின் கோபம் நடுங்க வைக்கும். கைவிட்ட கணவனைப் பழிவாங்கப் பெற்ற பிள்ளைகளையே கொல்கிறாள். ஆனால் தப்பிக்கச் சூரியதேவனின் தேர் வந்துவிடுகிறது.

நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' (1879) நாயகி நோராவுக்குத் தேரெல்லாம் கிடையாது. கணவனின் உயிரைக் காப்பாற்ற, அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுக் கடன் வாங்கியவள். விஷயம் தெரிந்து சீறிய கணவன், தன் பேருக்கு வந்த ஆபத்து நீங்கியதும் 'மன்னித்துவிட்டேன்' என்கிறான். அங்கேதான் அவளுக்கு எல்லாம் விளங்குகிறது. நடன உடையை மாற்றிக்கொண்டு வந்து அவனை எதிரே உட்காரவைக்கிறாள். எட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் இருவரும் மனம்விட்டுப் பேசுவது அதுவே முதல் முறை! அப்புறம் மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கணவனையும் பிள்ளைகளையும் விட்டு வெளியேறுகிறாள். கீழே கதவு அறைந்து சாத்தப்படும் சத்தம். ஜெர்மனியில் ஒரு நடிகை இந்த முடிவை நடிக்க மறுத்ததால், இப்சனே வேறு முடிவு எழுத வேண்டிவந்தது.